முதலில் பேச வேண்டிய இடம்

"காணாமப் போனவன் தினமும் ஆன்லைன்ல சீட்டு ஆடிட்டிருக்கான் சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சொன்னவன் பெயர் ஹரிஹரன். நாற்பது வயது இருக்கலாம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடிகாரக் கடையின் மாடியில், துப்பறிவாளர் செங்கல்வராயனின் அலுவலக நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தான். வெளியே ஐப்பசி மேகம் கொளவாய் ஏரியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. மின்சாரம் போயிருந்தது. அறையில் வெளிச்சமாக இருந்தது அவன் மேஜைமேல் வைத்த செல்போன் ஒன்றுதான்.

திரையில் பச்சை நிறத்தில் ஒரு மேஜை. சுற்றிலும் ஆறு வட்டங்கள், ஆறு பெயர்கள். அதில் ஒன்றை ஹரிஹரன் தொட்டுக் காட்டினான்.

"இதுதான் சாம். படூர்ல ஒரே ஃப்ளாட்டுல இருந்தோம். ஒருநாள் பையை எடுத்துட்டுப் போனவன் திரும்பல. போன் ஸ்விட்ச் ஆஃப். ஆனா இந்தக் கணக்கு மட்டும் ஆடிட்டே இருக்கு."

செங்கல்வராயனுக்கு ஐம்பத்திரண்டு வயது. எரிந்துபோன லாரி தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னா ஆட்டம் சார் இது? ரம்மியா?"

"போக்கர். ஆளுக்கு ரெண்டு கார்டு கைல. நடுவுல விழற அஞ்சு கார்டு எல்லாருக்கும் பொது. பணம் வெச்சு ஆடத் தடை வந்த பிறகு இந்த மாதிரி தனி கிளப்பா ஒளிஞ்சுகிட்டாங்க. உள்ள இருக்கறவங்க யாராவது அழைப்பு அனுப்பினாத்தான் நுழைய முடியும். போலீஸுக்குப் போனா சாம் மேலயே கேஸ் போடுவாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"அவருக்கு வீட்டு மனுஷங்க?"

"யாரும் இல்ல. அநாதைன்னு அவனே சொல்லியிருக்கான்."

ஜன்னல் ஓரமாக நின்றிருந்த உதவியாளர் பெண் தொண்டையைச் செருமினாள். அவள் பெயர் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு அப்பா வைத்த பெயர். வாடிக்கையாளர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் போட்ட நிபந்தனை. அன்றைக்கு செங்கல்வராயன் "வேண்டா" என்று கூப்பிட்டதும், டீ கொண்டுவந்தவர் டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அவர்தான் ஆடலன்னு எதை வெச்சி சொல்றீங்க?" என்றாள்.

"ஆட்டத்தை வெச்சுத்தான் மேடம். சாம் கில்லாடி. ஆனா இப்ப கைல பெரிய ஜோடி வந்தா, ரெண்டு ஏஸ், ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, இந்த மாதிரி, பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடறான். நேத்துகூட மேஜைல முதல்ல பேச வேண்டிய இடம் இவனுக்கு. கைல ரெண்டு ஏஸ். முன்னாடி மலை மாதிரி காயின். யோசிக்காம மொத்தத்தையும் நடுவுல தள்ளிட்டான். எதிராளி பயந்து கார்டைக் கவுத்துப் போட்டுட்டு ஓடினதால தப்பிச்சான். மத்த நாள்ல மாட்டிகிட்டு மொத்தமா விட்டிருக்கான். அவனைப் பிடிச்சு வெச்சிருக்கறவன்தான் அவன் பேர்ல ஆடறான்னு நினைக்கிறேன். அந்த ஆள் இவன்தான்."

திரையின் அடியில் சின்னதாக ஒரு கண் படம். பக்கத்தில் ஒரு பெயர்: லைன்4.

"இவன் ஆடமாட்டான். வேடிக்கை மட்டும் பார்ப்பான். ஒரு வாரம் விடியக்காலைல வருவான், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. கொஞ்ச நேரம் இருந்துட்டுக் காணாமப் போயிடுவான். ஒரே ஒரு தடவை ஏதோ எழுதினான்."

அதையும் படமெடுத்து வைத்திருந்தான். லைன்4 எழுதியிருந்தது ஒரே சொல்.

சாப்டியா.

"ஏதோ ரகசியக் குறி சார். இந்த ஆள் யாருன்னு கண்டுபிடிங்க. பேரும் ஊரும் போதும். மீதியை நான் பார்த்துக்கறேன். இந்த போனை வெச்சுக்கோங்க, விருந்தாளிங்கற பேர்ல உள்ள போய்ப் பார்க்கலாம்."

அவன் படியிறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அறையிலேயே நின்றது. மீதி என்றால் என்ன என்று அவன் சொல்லவில்லை.

"அண்ணாத்த," என்றாள் வேண்டா. "சாப்டியான்னு கேக்கறவன் கடத்தல்காரனா? என் வூட்டுக்காரரு கேட்டதே இல்ல. அப்போ அவருதான் உத்தமரா?"

"சீட்டாடற எடத்துல அத எவன் கேப்பான்? வூட்டு ஆளுதான் கேக்கும்."

"அநாதைன்னாரே."

"அவரு சொன்னாரு."

வேண்டா போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. இது ஷிஃப்ட்டு அண்ணாத்த. என் நாத்தனா இப்படித்தான் போயிகினு வந்துகினு கீது. லைன் நாலுன்னா கம்பெனில பொருள் ஓடற லைனு. அங்க போனை வாசல் கேட்டுலயே வாங்கி வெச்சிப்பாங்க. அதான் கொஞ்ச நேரத்துல காணாமப் போவுது. பஸ்ஸுக்கு நிக்கறப்ப மட்டும்தான் பாக்க முடியும்."

"இந்த வாரம்?"

"மத்தியானம். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டாப்பிங்ல நின்னா புடிச்சிடலாம்."

நின்றார்கள். பிடிப்பதுதான் சுலபமாக இல்லை. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகும் கூட்டம் நெடுஞ்சாலை ஓரம் முழுக்க நிறைந்திருந்தது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. ஒவ்வொரு தலையும் ஒரு செல்போன்மேல் குனிந்திருந்தது.

"இதுல யாருன்னு கேளு," என்றார் செங்கல்வராயன்.

"கேட்டா மொத்தக் கூட்டமும் வேலை இருக்குதான்னு நம்மள கேக்கும்."

அவர் கையிலிருந்த திரையில் அந்தச் சின்னக் கண் முளைத்தது. லைன்4 வந்துவிட்டது. இதே ஸ்டாப்பிங்கில், இதே கூட்டத்தில், கூப்பிடு தூரத்தில் எங்கேயோ.

செங்கல்வராயன் யோசித்தார். பிறகு விருந்தாளி என்ற பெயரில் ஒற்றை விரலால் எழுதி அனுப்பினார்.

சாப்டியா.

நூறு தலைகள் அசையவில்லை. ஒன்று நிமிர்ந்தது. புளியமரத்தடியில் நின்றிருந்த சாம்பல் சட்டைப் பெண். முப்பது வயதைத் தாண்டியவள். முகத்தில் ரத்தம் வற்றிப் போயிருந்தது. போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அவளுடைய கம்பெனி பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

வேண்டாதான் முதலில் அவளிடம் போனாள். அந்தப் பெண் டிபன் கேரியரைப் பையிலிருந்து உருவி, அதன் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அவனை வெச்சிகினு கீறீங்களா?" குரல் தணிந்திருந்தது. "கிட்ட வந்தா மண்டைய ஒடச்சிடுவேன்."

"ஒடை. ஆனா சாம்பார அதுக்கு முன்னாடி கீழ எறக்கி வெச்சிடு. நாங்களும் அவனைத்தான் தேடிகினு கீறோம்."

டீக்கடையின் பின்புற பெஞ்சில் உட்கார வைத்த பிறகுதான் அவள் கேரியரைக் கீழே வைத்தாள். பெயர் ஜெபா. சாமின் அக்கா. அப்பா அம்மா இல்லை, இவர்கள் இரண்டு பேர்தான்.

"கடற்கரைப் பக்கம் ஒரு வூட்ல தங்கி ஆடணும், மாசச் சம்பளம்னு சொல்லிட்டுப் போனான் சார். நான் பாக்கறதுக்கு அழைப்பு அனுப்பினான். மொதல்ல தினம் பேசினான். அப்பறம் ஒருநாள் குரல் மாறிப்போச்சி. அக்கா, இங்க எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டேன், நீ யாருன்னு எவனுக்கும் தெரியக் கூடாதுன்னான். அதோட போன் நின்னுபோச்சி. ஸ்டேஷனுக்குப் போனேன். ஆடிகினுதானே கீறான், வருவான் போம்மான்னுட்டாங்க."

"ஆடறது வேற யாராவது இருக்கலாம் இல்ல?"

"அவன்தான் சார். சர்ச்சு முடிஞ்சி வந்தா ஞாயித்துக்கெழம மத்தியானம் பூரா என்னை எதிர்ல உக்கார வெச்சி ஆடுவான். அவன் ஆட்டம் எனக்குத் தெரியும்."

ஜெபா இரண்டு டீ கிளாஸை எதிரெதிராக நகர்த்தி வைத்தாள்.

"கைல ரெண்டு ராஜா வந்தா பெரிய பலமா தெரியும். ஆனா மொதல்ல பேச வேண்டிய எடத்துல உக்காந்துட்டா, நீ இன்னா பண்றன்னு பாத்துட்டுத்தான் எதிராளி பண்ணுவான். உன்னைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சிடும். அவனைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேர் முன்னாடியும் காயின் கொஞ்சமா இருந்தா போனாப் போவுது. மலையா இருந்தா, அந்த ஒத்த ஜோடிய நம்பி மொத்தத்தையும் வுட்டுடுவ. அங்க சின்னதா ஆடணும், கொறச்சலா பேசணும்னு படிச்சிப் படிச்சி சொல்லுவான். அந்தத் தப்ப நான்தான் பண்ணுவேன், அவன் பண்ணமாட்டான். இப்ப அத மட்டும்தான் பண்றான். மத்த கையெல்லாம் அவன் ஆட்டமேதான்."

செங்கல்வராயன் மெல்லத் தலையாட்டினார். "வேற ஒருத்தன் ஆடினா எல்லாக் கையும் மாறிப்போயிருக்கும். அந்த ஒண்ண மட்டும் பாத்துப் பாத்து மீறணும்னா, அத மனப்பாடமா தெரிஞ்சவனாலதான் முடியும்."

"என்னைத்தான் கூப்பிடறான் சார். வேற எப்படிக் கூப்பிடுவான்? மனசு கேக்காம ஒருநாள் சாப்டியான்னு எழுதிட்டேன். அப்பறம் பயந்துபோயி எழுதவே இல்ல."

"நேத்தும் அப்படி ஆடினானா?"

"மொத்தத்தையும் தள்ளினான். ஆனா எதிராளி ஓடிட்டான். கைல இன்னா இருந்துச்சின்னு தெர்ல."

"பாத்துகினுதான இருந்த?"

"கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் நின்னாத்தான் சார் கார்டைத் திறந்து காட்டும். ஒருத்தன் ஓடிட்டா யாருக்கும் தெரியாது. ஆடறவனுக்கு மட்டும்தான் தெரியும்."

செங்கல்வராயன் உதட்டுக்குக் கொண்டுபோன கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேண்டா. ஹரிஹரன் காலைல நேத்தைய ஆட்டத்தப் பத்தி இன்னா சொன்னான்?"

"கைல ரெண்டு ஏஸு, எதிராளி ஓடிட்…"

யாருக்கும் காட்டப்படாத இரண்டு கார்டு. அது ஏஸ் என்று தெரிய வேண்டுமானால் சாமின் தோளுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும்.

பெஞ்சின் நடுவில், ஹரிஹரன் கொடுத்த போன் கிடந்தது. சாம் தன் அக்காவை மூச்சுவிடாமல் மறைத்து வைத்திருந்தான். அவளைத் தேடிப் பிடித்து, பேரும் ஊரும் எழுதிக் கொடுக்கத்தான் செங்கல்வராயனை அமர்த்தியிருக்கிறார்கள். தேடிப் பிடித்தும் ஆகிவிட்டது.

"நாம எங்க கீறோம்னு இந்தப் போன் அவனுக்குச் சொல்லிகினு இருக்கும்," என்றாள் வேண்டா. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"சார், பாருங்க," என்றாள் ஜெபா.

அவள் திரையில் சாமின் முறை. முதலில் பேச வேண்டிய இடம். அவன் முன்னால் காயின் குவியல். எதிராளி பந்தயத்தை ஏற்றினான். சாம் ஏற்றவில்லை. கேட்டதை மட்டும் கொடுத்தான். மறுபடி பேசாமல் விட்டான், மறுபடி கொஞ்சமாகக் கொடுத்தான். கடைசியில் கார்டுகள் திறந்தன. சாம் கையில் இரண்டு ராணி. எதிராளியிடம் அதைவிடப் பெரிய கை. சாம் தோற்றான், ஆனால் குவியலின் ஓரத்தில் ஒரு விள்ளல்தான் போயிருந்தது.

ஜெபா வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க எழுதினதைப் பாத்துட்டான். புது ஆளு கேட்டதும் புரிஞ்சிடுச்சி அவனுக்கு. நான் யாரையோ கூட்டிகினு வந்துட்டேன்னு தெரிஞ்சிடுச்சி."

அப்போது போன் அடித்தது. ஹரிஹரன்.

"ஏஸ் விஷயத்த எடுத்து மூஞ்சில அடி அண்ணாத்த," என்று வேண்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "முனிசாமி இன்ஸ்பெக்டர் பேரச் சொல்லு. நடுங்கட்டும்."

"நடுங்கி சாமை வேற எங்கியாவது தூக்கிப் போயிட்டா? நம்ம கைல பெரிய ஜோடி கீது. ஆனா மொதல்ல பேச வேண்டியது நாம." அவர் போனை எடுத்தார்.

"சிங்கப்பெருமாள் கோயில்ல ரொம்ப நேரமா நிக்கறீங்க சார்," என்றது அந்த மென்மையான குரல். "சாப்டியான்னு எழுதினது நீங்கதானே? ஆள் கிடைச்சானா?"

"கெடச்சிது சார். ஆனா பெருசா ஒண்ணும் இல்ல. கம்பெனில வேலை செய்யற பொண்ணு. எவனோ அழைப்பு அனுப்பியிருக்கான், ஆட்டம் கத்துக்கலாம்னு பாத்துகினு இருந்துருக்கு. சாம் ஆட்டத்து மேல ஒரு மயக்கம். சாப்டியான்னு கேட்டா பேசுவான்னு நெனச்சிருக்கு. அவ்ளோதான்."

ஜெபா கண்களை மூடிக்கொண்டாள்.

"பேர் என்ன?"

செங்கல்வராயன் பேருக்காகச் சுற்றிலும் பார்த்தார். ஜெபாவைத் தவிர எதிரில் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டா."

"சொல்ல வேண்டாமா?"

"பேரே வேண்டாதான் சார். மதுராந்தகம் பக்கம் கிராமம். பொண்ணு பொறந்தது புடிக்காம வெச்ச பேராம்."

ஹரிஹரன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "சரி சார். போனைத் திருப்பிக் கொடுத்துடுங்க. மகாபலிபுரம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழ நிக்கிறேன்."

"இன்னைக்குத்தான் இந்தப் பேருக்கு ஒரு உபயோகம் வந்திருக்குது," என்று வேண்டா முணுமுணுத்தாள். ஆனால் அவளும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மகாபலிபுரத்தில் கடல் சிலேட்டு நிறத்தில் இருந்தது. மழைக்குப் பயந்து சுற்றுலாக்காரர்கள் யாரும் வரவில்லை. பாசிமணி விற்பவர்கள் பிளாஸ்டிக் உறையால் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். ஹரிஹரன் தனியாக நின்றிருந்தான்.

"அந்தப் பொண்ணு இனி வருமா?"

"மெரட்டி வுட்டிருக்கேன். வராது."

"நிச்சயமா?" இதை அவன் இரண்டு முறை கேட்டான். "நிம்மதி சார்," என்றான். ஏமாற்றுக்காரன் ஒருவன் தப்பித்துவிட்ட சந்தோஷம் என்று செங்கல்வராயன் நினைத்தார். ஆனால் அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதையும் கவனித்தார்.

அவனுடைய கார் தெற்கே கிளம்பியதும், ஹெல்மெட்டும் மழைச் சட்டையும் மாட்டிய ஒரு பெண் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள். செங்கல்வராயன் இன்ஸ்பெக்டர் முனிசாமியின் ஜீப்பில் ஏறினார். ஜெபா எழுதிக் கொடுத்த புகார் ஏற்கெனவே இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில் இருந்தது. ஜெபாவும் பின்சீட்டில்தான் இருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் கேட்கவில்லை.

வேண்டாவிடமிருந்து போன் வந்தது. "சவுக்குத் தோப்புக்கு உள்ள தனி வூடு. காம்பவுண்டு மேல கண்ணாடிச் சில்லு. ஜன்னல் பூராவும் உள்பக்கம் கறுப்புக் காகிதம். ஜெனரேட்டர் ஓடிகினு கீது. வெளிய பூட்டு தொங்குது, அண்ணாத்த. உள்ள ஆளுங்க இருக்கறப்ப வெளிய பூட்டு. இவன் இன்னும் காரைவிட்டு எறங்கல."

பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஹரிஹரன் அதைத் திறந்து உள்ளே காலை வைத்தபோது முனிசாமி பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தார். அவன் திமிறவில்லை. விலங்கு மாட்டும்போது செங்கல்வராயனைப் பார்த்து, "ஏஸா?" என்று மட்டும் கேட்டான்.

"ஏஸ்தான்."

கூடத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் நான்கு மேஜை, நான்கு கம்ப்யூட்டர், நான்கு இளைஞர்கள். கடைசி மேஜையில் தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போய் சாம். போலீஸ் சட்டையைப் பார்த்ததும் நால்வரும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். இத்தனை நாளில் கற்றுக்கொடுக்கப்பட்ட பழக்கம் போலிருந்தது.

முனிசாமி மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"அணைக்காதீங்க சார்." ஹரிஹரன் மண்டியிட்டுவிட்டான். "உங்க கால்ல விழறேன். அணைக்காதீங்க."

"காசு போயிடும்னு கவலையா உனக்கு?"

"அணைக்காதீங்க," என்றது இன்னொரு குரல். சாம். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"மேஜைல ஆறு பேர் சார். ஒருத்தர் வெளியாள், ஏமாற வந்தவரு. மிச்சம் அஞ்சு பேரும் ஒரே கூட்டம். கார்டைப் பகிர்ந்துகிட்டு அந்த ஒருத்தரைக் கறப்போம், கறக்க வெச்சாங்க. ஆனா இங்க நாலு பேர்தான் இருக்கோம். எண்ணிப் பாருங்க."

திரையில் ஐந்தாவது பெயர் அப்போதுதான் ஒரு பந்தயம் வைத்தது. அனு.

"என் மனைவி," என்றான் ஹரிஹரன்.

அதன் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. இரண்டு பேரும் ஆட்டக்காரர்களாகத்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். விட்டுப் போய்விடலாம் என்று நினைத்தபோது கதவு பூட்டியிருந்தது. வாசுதேவன் என்கிறவன் நடத்துகிறான். திருப்போரூர் தாண்டி, ப்ளாட் போட்டு யாரும் வீடு கட்டாத ஒரு நகரில் அவனுடைய வீடு. அனு அங்கே. இவன் இந்த வீட்டைக் காவல் காத்தால் வாரம் ஒருமுறை அவளை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

"லைன்4 யாருன்னு வாசுதேவன் கேட்டான். கண்டுபிடிச்சுத் தரலன்னா அனுகிட்ட கேட்டுக்கறேன்னான். இப்ப இந்த மேஜை நின்னா, இங்க என்னமோ ஆயிடுச்சுன்னு உடனே தெரிஞ்சுடும். அவளைத் தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் எங்கன்னு தேடுவேன்?"

"இத என்கிட்ட காலைலயே சொல்லியிருக்கலாம்," என்றார் செங்கல்வராயன்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் திரையின் பக்கம் திரும்பினார்.

சாமின் முறை வந்திருந்தது. அவன் பெயரைச் சுற்றியிருந்த வளையம் குறைந்துகொண்டே வந்தது. அதற்குள் ஆடாவிட்டால் நாற்காலி காலி என்று மேஜை எல்லோருக்கும் சொல்லிவிடும்.

"இவர் என்னை அடிச்சிருக்காரு சார்," என்றான் சாம். குரலில் கோபம்கூட இல்லை, தகவல் போலச் சொன்னான். "சாப்பாடு இல்லாம பூட்டி வெச்சிருக்காரு. ஆனா அந்தம்மா என்ன பண்ணாங்க?"

அவன் திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். மவுஸின்மேல் கை வைத்தான். மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

முனிசாமி இரண்டு போலீஸ்காரர்களை விட்டுவிட்டு, மற்றவர்களோடு திருப்போரூர் பக்கம் பறந்தார். ஹரிஹரன் சொன்ன வழியைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஜெபா உள்ளே வந்தாள். தம்பியைத் தொடவில்லை. அவன் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். அவனும் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்து, பிறகு தளர்ந்தது.

"ஆடு," என்றாள். "நான் நிக்கிறேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் பொத்தான்கள் தட்டும் சத்தம் மட்டும். அந்த வெளியாளுக்கு நல்ல கார்டு வந்துகொண்டே இருந்தது. தன் அதிர்ஷ்டத்தை எண்ணி அவர் எங்கேயோ சிரித்துக்கொண்டிருப்பார். அனு ஆடினாள். சாம் ஆடினான். அனு மறுபடி ஆடினாள். அவள் ஆடும் ஒவ்வொரு முறையும் ஹரிஹரனின் நெஞ்சு ஏறி இறங்கியது.

பிறகு அனுவின் முறை வந்தபோது அவள் ஆடவில்லை.

வளையம் குறைந்தது. பாதியானது. நூலானது. மேஜை அவள் கார்டைத் தானே கவிழ்த்தது. அடுத்த கையிலும் அப்படியே. அதற்கடுத்த கையில் அவள் பெயர் சாம்பல் நிறமானது.

போலீஸ் அங்கே நுழைந்திருக்கலாம். அல்லது வாசுதேவனுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். சாம் மட்டும் நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்தான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது, ஜெபம் மாதிரி.

செங்கல்வராயனின் போன் அடித்தது. முனிசாமி.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "பின் கதவு வழியா ஓடிட்டானா வாசுதேவன்? சரி, எங்க போயிடுவான், பாத்துக்கலாம். அந்தம்மாகிட்ட குடுங்க," என்றார்.

போனை ஹரிஹரனிடம் நீட்டினார். விலங்கு மாட்டிய கைகளால் அவனுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு முறை நழுவியது. வேண்டா வந்து அதை வாங்கி, அவன் காதோடு வைத்துப் பிடித்தாள்.

"அனு," என்றான். அந்தப் பக்கம் பேசப் பேச, தெரியும் தெரியும் என்பது போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

சாம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். நடந்து போய் மெயின் சுவிட்சைத் தானே கீழே இழுத்தான்.